குழாயின் நீளமா, இணைப்பின் எண்ணிக்கையா?

சிறு நகரங்களின் பாதாளச் சாக்கடைத் திட்டங்கள் குறித்து நாடாளுமன்றத்தில் கேட்கப்படும் கேள்விகளும் அவற்றுக்கு அளிக்கப்படும் பதில்களும் ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருக்கின்றன. எத்தனை கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்டது, எத்தனை கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் பதிக்கப்பட்டது, எத்தனை சதவீதப் பணி முடிந்தது என்று உறுப்பினர் கேட்பார். மாநிலவாரியாக ஓர் அட்டவணையை அமைச்சர் அவையில் வைப்பார். அத்துடன் விவகாரம் முடிந்துவிடும்.

பதிக்கப்பட்ட குழாயில் எத்தனை வீடுகள் இணைந்தன? சுத்திகரிப்பு நிலையத்துக்கு நாள்தோறும் எவ்வளவு கழிவுநீர் வந்து சேருகிறது? அதை இயக்கும் செலவை யார் ஏற்கிறார்கள்? இணையாத வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிகளை யார், எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்? இந்தக் கேள்விகள் அபூர்வமாகவே எழுகின்றன. எழுந்தாலும், "தூய்மைப் பணி மாநிலப் பட்டியலில் உள்ளது, உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு" என்ற ஒரு வரியில் அவை அடங்கிப் போகின்றன.

செப்டிக் டேங்க் எனப்படும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து பாதாளச் சாக்கடைக்கு மாறுவது ஒரு நகரத்தின் முன்னேற்றம் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால், அந்த மாற்றம் அடிக்கல் நாட்டும் நாளிலோ, குழாய் பதித்து முடிக்கும் நாளிலோ நிகழ்ந்துவிடுவதில்லை. கடைசி வீட்டின் கழிப்பறை அந்தக் குழாயுடன் இணைந்து, அந்தக் கழிவு சுத்திகரிக்கப்பட்டு வெளியேறும் நாளில்தான் நிகழ்கிறது. இந்த இரண்டு நாள்களுக்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அந்த இடைவெளியைத்தான் நமது திட்டங்கள் கணக்கில் கொள்வதே இல்லை.

இதற்கு லடாக்கின் லே நகரைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம் அது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வசித்தோர் ஏறத்தாழ 31 ஆயிரம் பேர். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டர் மட்டுமே. பனி உருகி வரும் ஓடைகளும் ஊற்றுகளும்தான் தலைமுறை தலைமுறையாக அந்த நகருக்கு உயிர்நாடி.

தண்ணீரின் அருமை தெரிந்த லடாக் மக்கள், தண்ணீரே தேவைப்படாத கழிப்பறையைப் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்தார்கள். வீட்டின் மேல்தளத்தில் சிறு அறை. அதன் தரையில் ஒரு துவாரம். அருகே குவித்து வைத்த மண். பயன்படுத்திய பின் மண்ணையோ சாம்பலையோ அள்ளிப் போட்டுவிடுவார்கள். கீழ் அறையில் சேர்வது மக்கி உரமாகும். அதை எடுத்து வயலில் இடுவார்கள். உழவும் சுகாதாரமும் கைகோத்த ஏற்பாடு அது.

1974-ஆம் ஆண்டில் லடாக் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்குச் சில நூறு பேர் வந்த நிலை மாறி, 2022-ஆம் ஆண்டில் லடாக்குக்கு வந்தோர் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. தெருவுக்குத் தெரு விடுதிகள் எழுந்தன. வருகிற விருந்தினருக்குத் தண்ணீர் ஊற்றிச் சுத்தம் செய்யும் கழிப்பறை வேண்டும். எனவே, விடுதிகளின் கொல்லையில் கழிவுநீர்த் தொட்டிகளும் உறிஞ்சு குழிகளும் தோண்டப்பட்டன. கூடுதல் தண்ணீருக்காக ஆழ்துளைக் கிணறுகளும் அதே வளாகங்களில் தோண்டப்பட்டன.

லே அமைந்திருப்பது கற்களும் மணலும் கலந்த தளர்வான நிலத்தின் மீது. மேலே விடும் நீர் விரைவாகக் கீழே இறங்கிவிடும். ஒரே வளாகத்தின் ஒரு மூலையில் கழிவுநீரை மண்ணுக்குள் இறக்குவதும், மறு மூலையில் குடிநீரை மண்ணுக்குள்ளிருந்து எடுப்பதும் நடந்தால் முடிவு என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஊற்று நீரை நம்பியிருந்த குடியிருப்புகள் கவலையுறத் தொடங்கின. பாதாளச் சாக்கடை வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. மத்திய அரசின் நிதியுடன் திட்டம் வகுக்கப்பட்டு, நகரின் ஒரு பகுதியில் குழாய்களும் பதிக்கப்பட்டன.

ஆனால், சமவெளி நகரங்களுக்காக எழுதப்பட்ட பொறியியல் விதிகள் லேயில் அப்படியே செல்லுபடியாகவில்லை. குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கும் 20 டிகிரி கீழே இறங்கும். உறைபனி எட்டாத ஆழத்தில் குழாயைப் பதிக்க வேண்டும். வேலை செய்யக்கூடிய மாதங்களோ ஆண்டில் பாதிதான். குடிநீர்க் குழாய்களே உறைந்துபோகும் மாதங்களில், சாக்கடைக் குழாயில் ஓடுவதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? பழைய நகரின் குறுகிய சந்துகளில் இயந்திரம் நுழையாது. சரிவில் அமைந்த பல வீடுகள் சாலை மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. கோடையில் சுற்றுலாப் பயணிகளால் பெருகும் கழிவு, குளிர்காலத்தில் சட்டென வற்றிவிடுகிறது. இத்தகைய ஏற்ற இறக்கத்தைச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் தாங்குவது கடினம்.

லே நகராட்சி அப்போது செய்த ஒரு காரியம் பாராட்டத்தக்கது. பாதாளச் சாக்கடை முழுமையடையும் என்று கைகட்டிக் காத்திருக்காமல், 2017-ஆம் ஆண்டில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைத் தனியார் பங்கேற்புடன் அமைத்தது. உறிஞ்சு வாகனம் விடுதிகளின் தொட்டிகளிலிருந்து கசடை எடுத்து வந்து, நாணல் வகைச் செடிகள் வளர்க்கப்பட்ட உலர் படுகைகளில் கொட்டும். நாளொன்றுக்கு 12 ஆயிரம் லிட்டர் கசடைக் கையாளும் அளவில் அமைந்தது அந்த நிலையம். தொட்டியைக் காலி செய்ய விடுதி உரிமையாளர்கள் செலுத்தும் கட்டணமே இயக்கச் செலவுக்கு ஆதாரம். பெரிய இயந்திரம் இல்லை. மின்சாரத் தேவையும் மிகக் குறைவு.

ஆக, லேயில் இன்று இருப்பது ஒரு முறை மட்டும் அன்று. குழாய் எட்டிய இடத்தில் பாதாளச் சாக்கடை; எட்டாத இடத்தில் தொட்டியும் உறிஞ்சு வாகனமும்; இவை இரண்டும் தேவைப்படாத பழைய வீடுகளில் மண் கழிப்பறை. திட்ட அறிக்கை எழுதுவோருக்கு இந்தக் கலவை அழகாகத் தோன்றாது. ஆனால், ஒரு சிறு நகரத்தின் உண்மை நிலை இதுதான்.

2019-ஆம் ஆண்டு அக்டோபர் 31 முதல் லடாக், சட்டப்பேரவை இல்லாத யூனியன் பிரதேசம். அதன் குரலாக மக்களவையில் இருப்பது ஒரே ஓர் உறுப்பினர். எனவே, "இது மாநிலத்தின் பொறுப்பு" என்று சொல்லி மத்திய அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாத இடங்களில் லேயும் ஒன்று. அங்கேனும் சரியான கேள்விகளைக் கேட்டுச் சரியான விடைகளைப் பெற நாடாளுமன்றத்தால் முடிய வேண்டும்.

லேயின் கதை ஒரு மலை நகரத்தின் தனிக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நகர்ப்புறக் குடும்பங்களில் 32.7 சதவீதத்தின் கழிப்பறைகள் மட்டுமே சாக்கடைக் குழாயுடன் இணைக்கப்பட்டிருந்தன. 38.2 சதவீதக் குடும்பங்கள் கழிவுநீர்த் தொட்டியை நம்பியிருந்தன. அதன் பின்னர், 2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின்கீழ் நகரங்களில் மட்டும் 60 லட்சத்துக்கும் அதிகமான வீட்டுக் கழிப்பறைகள் கட்டப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை இறங்குவது குழியிலோ தொட்டியிலோதான். சாக்கடைக் குழாய் உள்ள தெருவைவிட அது இல்லாத தெருவே நகர்ப்புற இந்தியாவில் அதிகம்.

கழிவுநீர்த் தொட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. முறையாகக் கட்டினால் அது நல்ல ஏற்பாடே. தொட்டியில் திடக்கழிவு அடியில் தங்கிச் சிதையும். தெளிந்த நீர் மட்டும் வெளியேறி உறிஞ்சு குழி வழியே மண்ணில் இறங்கும். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அடிக்கசடை அகற்றிவிட வேண்டும். இந்திய தர நிர்ணய அமைவனம் இதற்கென விதிமுறைகளை வகுத்து வெகுகாலமாகிறது.

நடைமுறை வேறு. இடத்தை மிச்சப்படுத்த உறிஞ்சு குழியைக் கைவிட்டு, தொட்டியின் வெளிக்குழாயைத் தெருச் சாக்கடையில் விட்டுவிடுகிறார்கள். அடிக்கடி காலி செய்யும் செலவை மிச்சப்படுத்தத் தொட்டியைப் பெரிதாகக் கட்டுகிறார்கள். சிலர் அடித்தளத்துக்குச் சிமென்ட் பூசுவதே இல்லை. தொட்டி பத்துப் பதினைந்து ஆண்டுகள் நிரம்பாமல் இருந்தால் வீட்டுக்காரருக்குப் பெருமை. அது நிரம்பாததன் காரணம், உள்ளே இருந்தவை நிலத்தடிக்கோ சாக்கடைக்கோ போய்விட்டன என்பதே. கடைசியில் ஒருநாள் நிரம்பி வழியும்போது, இறுகிப்போன கசடை வாகனத்தின் குழாயால் உறிஞ்ச முடியாது. அப்போதுதான் ஒரு மனிதரை உள்ளே இறக்கத் துணிகிறார்கள்.

மூடிய தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் தேங்கியிருக்கும். ஹைட்ரஜன் சல்பைடின் அளவு மிகும்போது முகரும் உணர்வே மரத்துப்போகும், ஆபத்து தெரியாது. முதலில் இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைக் காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் விழுவார். ஒரே தொட்டியில் மூவர், நால்வர் என உயிரிழந்த செய்திகள் ஆண்டு தவறாமல் வருவதன் காரணம் இதுதான். இறப்பவர்கள் பெரும்பாலும் தலித் சமூகத்தைச் சேர்ந்தவர்கள், ஒப்பந்தக் கூலிகள், அந்தந்தக் குடும்பத்தின் ஒரே சம்பாத்தியக்காரர்கள்.

மனிதக் கழிவை மனிதர் அகற்றும் கொடுமைக்கு எதிராக 1993-இல் ஒரு சட்டமும், 2013-இல் அதைவிட விரிவான ஒரு சட்டமும் இயற்றப்பட்டன. சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஒருவரை ஈடுபடுத்துவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறை குற்றத்துக்கே இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். 1993 முதல் இவ்வாறு இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

நாடாளுமன்றத்தில் இதற்கான பதில்கள் சொல்லப்படும் விதம் கவனிக்கத்தக்கது. "மனிதக் கழிவை மனிதர் அகற்றும் பணியால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை" என்ற பொருளில் அரசு பலமுறை பதிலளித்திருக்கிறது. அதே அரசு, சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்கையில் 2018 முதல் 2023-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை 339 பேர் இறந்ததாகவும் தெரிவித்தது. இரண்டும் முரண் அல்ல. சட்டத்தின் விளக்கப் பிரிவில் இவை இரண்டும் தனித்தனி வகைகள் என்பதே இதன் சூட்சுமம். பாதுகாப்புக் கருவிகளைக் கொடுத்து இறக்கினால் அது "ஆபத்தான சுத்தம்" என்ற வரையறைக்குள்ளும் வராது. வகைப்பாடு எதுவாயினும் இறந்தவர் வீட்டில் அடுப்பு எரியாத நிலை ஒன்றுதான்.

"இதற்கெல்லாம் முடிவு பாதாளச் சாக்கடைதானே?" என்று கேட்கலாம். பாதி உண்மை. பாதாளச் சாக்கடையும் அடைத்துக்கொள்ளும். ஆள் இறங்கும் குழிகளிலும் உயிர்கள் போயிருக்கின்றன. சென்னை, தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய 6 பெருநகரங்களில் மனிதரை இறக்கிச் சாக்கடையைச் சுத்தம் செய்வதைத் தடை செய்து 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது என்றால், பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களிலும் கொடுமை ஓயவில்லை என்றுதானே பொருள்? அந்த உத்தரவின் பட்டியலில் சிறு நகரங்கள் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

பாதாளச் சாக்கடை என்பது வெறும் குழாய் அன்று; அது தண்ணீரால் இயங்கும் ஏற்பாடு. கழிவு தங்காமல் ஓட வேண்டுமானால் சரிவும் வேண்டும். போதிய நீரோட்டமும் வேண்டும். பாதாளச் சாக்கடை உள்ள நகரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் வழங்க வேண்டும் என்பது மத்தியப் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பின் அளவுகோல். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 675 லிட்டர். இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் குடிநீர் விடும் சிறு நகரங்கள் நம் நாட்டில் ஏராளம். அங்கே இந்தக் கணக்கு எப்படித் தேறும்? நீரோட்டம் குறைந்தால் கசடு குழாயிலேயே தங்கும். அடைப்பு ஏற்படும். அடைப்பை நீக்க மீண்டும் ஒரு மனிதர் இறங்குவார். நாம் ஒழிக்க நினைத்தது வேறு வழியாக வீட்டுக்குள் வந்துவிடும்.

அடுத்தது இணைப்பு. குழாயைத் தெருவரை கொண்டுவருவது அரசின் வேலை. தெருவிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவருவது வீட்டுக்காரரின் செலவு. நம் வீடுகளில் கழிப்பறையும் தொட்டியும் பெரும்பாலும் கொல்லைப்புறத்தில் இருக்கும். தெருக் குழாயோ வாசலில். நடுவே தளத்தை உடைக்க வேண்டும். பழைய தொட்டியைக் காலி செய்து மணல் நிரப்பி மூட வேண்டும். முன்வைப்புத் தொகை, மாதக் கட்டணம் என்று இரண்டு செலவுகள் வேறு. "தொட்டி நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு வீண் செலவு?" என்று குடும்பத் தலைவர் யோசிப்பது இயல்பு. அவர் மீது குற்றம் காண முடியாது. தொட்டியிலிருந்து வெளியேறும் கேடு அவருடைய வீட்டு வாசலில் தெரிவதில்லை. அது நாலு தெரு தள்ளியிருக்கும் கிணற்றிலோ, ஊர் எல்லையில் ஓடும் ஆற்றிலோதான் தெரிகிறது.

இதன் விளைவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட புள்ளிவிவரத்தில் காணலாம். நாட்டின் நகர்ப்புறங்களில் நாளொன்றுக்கு உருவாகும் கழிவுநீர் 7,236 கோடி லிட்டர். கட்டப்பட்ட சுத்திகரிப்பு நிலையங்களின் மொத்தத் திறன் 3,184 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டதோ 2,023 கோடி லிட்டர் மட்டுமே. தேவையில் பாதிக்கும் குறைவாகவே கட்டியிருக்கிறோம் என்பது ஒரு வேதனை. கட்டியதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயன்படவில்லை என்பது அதைவிடப் பெரிய வேதனை. பணம் இல்லாததால் நேர்ந்த குறை முதலாவது. பணம் செலவழித்த பிறகும் நேர்ந்த குறை இரண்டாவது. நாடாளுமன்றம் அதிகம் கவலைப்பட வேண்டியது எதைப் பற்றி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நாட்டில் நல்ல முன்னுதாரணங்கள் இல்லாமல் இல்லை. அவற்றுள் முதலில் குறிப்பிடத்தக்கது தமிழகத்தின் ஆலந்தூர். 1990-களின் பிற்பகுதியில் அன்றைய ஆலந்தூர் நகராட்சி, தலைவர் ஆர்.எஸ். பாரதியின் முனைப்பில், வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்வைப்புத் தொகை பெற்றுப் பாதாளச் சாக்கடைத் திட்டத்தை மேற்கொண்டது. குடியிருப்போர் நலச் சங்கங்கள் தெருத்தெருவாகக் கூடிப் பேசின. மக்கள் முதலில் பணம் கட்டினார்கள். அதன் பிறகே மண் வெட்டப்பட்டது. சுத்திகரிப்பு நிலையம் தனியார் கட்டி இயக்கி ஒப்படைக்கும் முறையில் அமைந்தது. 2011-இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது என்றாலும், உள்ளாட்சி நிதி குறித்துப் பேசுவோர் அந்தத் திட்டத்தை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஆலந்தூரின் பாடம் ஐயாயிரம் ரூபாய் அன்று. பணம் கட்டியவர் இணைப்பைக் கேட்டு வாங்குவார் என்பதே அதன் பாடம். மாநிலத் தலைநகரில் தீட்டப்பட்டு, தேசத் தலைநகரில் அனுமதிக்கப்பட்டு, ஒப்பந்ததாரர் வந்து சாலையைத் தோண்டும்போதுதான் மக்களுக்குத் தெரியவரும் திட்டத்தில் அந்த உரிமை உணர்வு பிறப்பதில்லை. அதே நேரத்தில், சென்னையை ஒட்டிய நடுத்தர வர்க்கக் குடியிருப்பால் முடிந்த தொகையை ஒவ்வொரு சிறு நகரத்தின் ஏழைக் குடும்பமும் தந்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் முறையாகாது. ஏழைகளின் இணைப்புச் செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்ப்பதுதான் நியாயம்.

பாதாளச் சாக்கடைக்கு வாய்ப்பில்லாத நகரங்களுக்கும் வழி இருக்கிறது. மகாராஷ்டிர மாநிலம், சதாரா மாவட்டத்தில் கிருஷ்ணா நதிக் கரையில் உள்ள வாய் என்ற சிறு நகரம் அதைக் காட்டுகிறது. தொட்டி நிரம்பி வழியும்வரை காத்திராமல், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டின் தொட்டியையும் முறை வைத்துக் காலி செய்யும் ஏற்பாட்டை அந்த நகராட்சி 2018-இல் தொடங்கியது. செலவு சுகாதார வரியிலிருந்து ஈடு செய்யப்படுகிறது. வீட்டுக்காரர் தனியாகப் பணம் தர வேண்டியதில்லை. முறைப்படி காலி செய்யப்படும் தொட்டியில் கசடு இறுகாது. இறுகாத கசடை வாகனமே உறிஞ்சிவிடும். உள்ளே மனிதர் இறங்க வேண்டிய தேவையும் எழாது. ஒரு நிர்வாக ஒழுங்கு எத்தனை உயிர்களைக் காக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கர்நாடகத்தின் தேவனஹள்ளியில் 2015-இல் ஒரு நகரத்துக்கென்றே மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. ஒடிசா அரசு இதே முறையை மாநிலம் முழுவதும் கொண்டுசென்றது. அங்கே பல நிலையங்களை மகளிர் சுய உதவிக் குழுக்கள் இயக்குகின்றன. 2017-இல் மத்திய அரசு வெளியிட்ட மலக்கசடு மேலாண்மைக்கான தேசியக் கொள்கையும் இந்த வழியை அங்கீகரிக்கிறது. இடைப்பட்ட இன்னொரு முறையும் உண்டு. வீட்டுத் தொட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, அதிலிருந்து தெளிந்து வரும் நீரை மட்டும் சிறு விட்டமுள்ள குழாயில் கொண்டுசெல்வது. திடக்கழிவு தொட்டியிலேயே தங்கிவிடுவதால் ஆழமும் சரிவும் குறைவாக இருந்தாலும் போதும். தண்ணீரும் குறைவாகவே தேவை. ஏற்கெனவே வீட்டுக்கு வீடு தொட்டி கட்டிவிட்ட சிறு நகரங்களுக்குப் பொருத்தமான முறை இது. எனினும், நமது திட்ட அறிக்கைகளில் இதைக் காண்பது அரிது. பெரிய குழாய்க்குத்தான் பெரிய மதிப்பீடு என்பது காரணமாக இருக்குமோ என்ற ஐயம் எழாமல் இல்லை.

மத்திய அரசு நிதி ஒதுக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2015-இல் தொடங்கிய அம்ருத் திட்டம் 500 நகரங்களைத் தேர்ந்தெடுத்தது. 2021 அக்டோபர் 1-ஆம் தேதி அம்ருத் திட்டத்தின் இரண்டாம் கட்டமும், தூய்மை இந்தியா நகர்ப்புற இயக்கத்தின் இரண்டாம் கட்டமும் தொடங்கப்பட்டன. ஒரு லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களின் கழிவுநீர் மேலாண்மை பின்னதன் பொறுப்பில் சேர்க்கப்பட்டது. ஆனால், இந்த நிதியின் பெரும்பகுதி கட்டுவதற்கே. கட்டிய பிறகு மின்கட்டணம் செலுத்துவதும், பம்ப்பைப் பழுது பார்ப்பதும், பயிற்சி பெற்ற ஆளை நியமிப்பதும் நகராட்சியின் தலையில் விழுகின்றன. சொத்து வரியையே ஒழுங்காக வசூலிக்க முடியாத நகராட்சி, சுத்திகரிப்பு நிலையத்தை எத்தனை மாதங்கள் ஓட்டும்? மின்சாரச் செலவைக் குறைக்க பம்ப்பை நிறுத்தினால் கழிவுநீர் ஆற்றில் கலக்கும்; கணக்கேட்டில் மட்டும் நகரம் பாதாளச் சாக்கடை பெற்ற நகரமாக இருக்கும்.

74-ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தின் வழியே வந்த 12-ஆவது அட்டவணை, பொதுச் சுகாதாரத்தையும் துப்புரவையும் நகராட்சிகளுக்கு உரிய பணிகளாகக் குறிப்பிடுகிறது. 1993-இல் அது நடைமுறைக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. பணியைக் கொடுத்தோம், பணத்தையும் ஆளையும் கொடுத்தோமா என்பதை நாடாளுமன்றம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை சில உண்டு. முதலாவதாக, ஒவ்வொரு பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கும் வீட்டு இணைப்பின் எண்ணிக்கையையே அளவுகோலாக்க வேண்டும். குழாயின் நீளத்துக்கு ஏற்ப நிதித் தவணை விடுவிப்பதை விட்டு, இணைப்புக்கு ஏற்ப விடுவித்தால் ஒப்பந்ததாரரும் அதிகாரியும் வீட்டு வாசலுக்கு வந்தே தீருவார்கள். இரண்டாவதாக, குறைந்தது முதல் ஐந்து ஆண்டுகளுக்கான இயக்கச் செலவு எங்கிருந்து வரும் என்று காட்டாத திட்டத்துக்கு அனுமதி அளிக்கக் கூடாது. மூன்றாவதாக, போதிய குடிநீர் இல்லாத நகரத்தில் முதலில் குடிநீர். அதன் பிறகே பெரிய குழாய். அதுவரை தொட்டிகளை முறை வைத்துக் காலி செய்யும் ஏற்பாடு கட்டாயமாக்கப்பட வேண்டும். நான்காவதாக, 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையிலுள்ள ஓட்டையை அடைக்க வேண்டும். கருவி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவது குற்றம் என்று திருத்துவதற்குப் பெரும் செலவு ஏதும் ஆகாது.

பாதாளச் சாக்கடைக்கு மாறிய நகரங்களுக்கும் ஒரு கடமை உண்டு. அங்கு மூடப்படாமல் கைவிடப்பட்ட பழைய தொட்டிகள் எத்தனை, அவற்றில் இறங்கி வந்த தொழிலாளர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்ற கணக்கு வேண்டும். கழிவுநீர்த் தொழிலாளர்களைப் பதிவு செய்து பாதுகாப்பும் இயந்திரக் கடனும் அளிக்க 2023-24-இல் நமஸ்தே என்ற மத்தியத் திட்டம் கொண்டுவரப்பட்டது. தொட்டியில் இறங்கியவரையே உறிஞ்சு வாகனத்தின் உரிமையாளராக்க முடிந்தால், சுத்திகரிப்பு நிலையத்தில் நிரந்தர ஊழியராக்க முடிந்தால், அந்த நகரம் உண்மையிலேயே மாறிவிட்டது என்று சொல்லலாம்.

அடுத்த முறை ஒரு சிறு நகரத்தின் பாதாளச் சாக்கடைத் திட்டம் குறித்துக் கேள்வி நேரத்தில் எழும் உறுப்பினர், கோடிகளையும் கிலோமீட்டர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, "எத்தனை வீடுகள் இணைந்தன? கடந்த ஓராண்டில் அந்த நகரத்தில் தொட்டிக்குள் இறங்கியவர்கள் எத்தனை பேர்?" என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கட்டும். முதல் கேள்விக்கான விடை ஆண்டுதோறும் உயர வேண்டும். இரண்டாவது கேள்விக்கான விடை பூஜ்யமாக இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த எந்தப் பதிலையும் அவை ஏற்றுக்கொள்ளக் கூடாது.